டவுன் சிண்ட்ரோம் உள்ள தாய்மாமாவைப் பற்றி ஒரு சிறுவர் கதை: முடிவு குறித்து உங்கள் கருத்து வேண்டும்

ரதவீதிக்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எட்டு வயதிலிருந்து பதினொரு வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக ஒரு கதை எழுதி வருகிறேன். முக்கால்வாசி முடிந்துவிட்டது, முடிவில் வந்து நிற்கிறேன். சிறுவர் கதைகளை விரும்பிப் படிப்பவர்களும், வீட்டில் டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒருவரோடு வாழ்பவர்களும் இந்தக் குழுவில் இருப்பதால் இங்கே கேட்கிறேன்.

கதை நெல்லை டவுனில் நடக்கிறது. ரத வீதியில் ஒரு பழைய வீடு, வாசலை ஒட்டி ஆச்சியின் பலசரக்குக் கடை. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் கோமதிதான் கதை சொல்கிறாள். அவளுடைய தாய்மாமா சங்கரனுக்கு இருபத்தாறு வயது. டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே அமையும் ஒரு மரபணு நிலை; வளர்ச்சியும் கற்பதும் மெதுவாக இருக்கும்) உள்ளவர். கடையில் சீரகம், வெந்தயம், மிளகு எல்லாவற்றுக்கும் பொட்டலம் மடிப்பது அவர் வேலை. ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேரின் வடம் பிடிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. வீட்டில் விடுவதில்லை. மாடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுகிறார்கள்.

இரண்டு முடிவுகள் யோசித்து வைத்திருக்கிறேன். ஒன்று: மாமா யாருக்கும் தெரியாமல் இறங்கிப் போகிறார். தேர்ச் சக்கரத்தின் அருகே விழுந்த ஒரு குழந்தையைத் தூக்கிக் காப்பாற்றுகிறார். அதுவரை கேலி செய்த தெரு அவரைத் தோளில் தூக்குகிறது. தோழிகள் முன்னால் மாமாவைப் பார்த்து வெட்கப்பட்ட கோமதி ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். இரண்டு: மாமா நோயுற்று இறந்துவிடுகிறார். அடுத்த ஆனியில் அவருக்காகக் கோமதி வடம் பிடிக்கிறாள்.

நடை தெரிய ஒரு பத்தி தருகிறேன்:

“செருப்பு மாட்ட மாமாவுக்கு நேரம் ஆகும். மாமாவின் கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் நிறைய இடைவெளி. ரப்பர் செருப்பின் வார் அங்கே நிற்காமல் ஆடும். விரல்களை இறுக்கிக்கொண்டு நான்கு எட்டு வைப்பார், செருப்பு கழன்று பின்னால் கிடக்கும். திரும்பி வந்து மறுபடியும் மாட்டுவார். நான் குனிந்து மாட்டிவிடப் போனால் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். அதற்குள் ஜங்ஷன் பஸ் போய்விடும்.”

எந்த முடிவு பொருந்தும்? இரண்டுமே வேண்டாம் என்றாலும் சொல்லுங்கள்.

குறுக்குத்துறை எழுதியது:

தங்கச்சி, முதல் முடிவையே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு வீரச் செயல் பிடிக்கும். ஊர் யாரை ஒன்றுக்கும் ஆகாதவன் என்று ஒதுக்கியதோ அவனே ஓர் உயிரைக் காப்பாற்றினான் என்று படிக்கிற பிள்ளை, மறுநாள் தன் தெருவில் இருக்கிற அப்படிப்பட்ட ஒருவரைக் கேலி செய்யாது. முப்பது வருடம் தமிழாசிரியராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பிள்ளைகள் மனத்தில் நிற்பது செயல்தான். செருப்புப் பத்தி அருமை.

அம்பை வாசகி எழுதியது:

அண்ணாச்சி, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனாலும் இதில் நான் முழுவதும் மாறுபடுகிறேன்.

என் தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அவன் இதுவரை யாரையும் காப்பாற்றியதில்லை. காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடுவான், பிறகு காபி, பிறகு செய்தித்தாளில் படம் பார்ப்பான், பத்து மணிக்கு எதிர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவான். அவன் வாழ்க்கை அதுதான். தெரு அவனைத் தோளில் தூக்க வேண்டுமானால் அவன் முதலில் ஒரு குழந்தையைச் சக்கரத்துக்கு அடியிலிருந்து எடுத்துவர வேண்டும் என்று கதை சொன்னால், அப்படி எதுவும் செய்யாத என் தம்பிக்கு என்ன இடம்? கேலி செய்தவர்கள் தங்கள் கேலியை விட்டுவிட அவன் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த விலையை எங்கள் வீடு நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. சொந்தக்காரர் கல்யாணத்தில் மேடை ஏறி நிற்கும்போது, ‘இவன் அந்தப் பக்கம் உட்காரட்டுமே’ என்பார்கள். அவன் பக்கத்தில் நிற்கும்போதே என்னிடம், ‘இவனுக்கு இப்போது எப்படி இருக்கிறது?’ என்று கேட்பார்கள். அவனிடம் கேட்டால் அவனே சொல்வான். சொல்லக் கொஞ்ச நேரம் ஆகும், அவ்வளவுதான்.

இன்னொன்று. கோமதி வெட்கப்படுகிறாள் என்று சொல்லியிருக்கிறீர்கள். அது மட்டும் போதாது, அவளுக்கு மாமா மேல் கோபமும் வர வேண்டும். நான் பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது, செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் என் ரெக்கார்டு நோட்டுப் பக்கங்களில் தம்பி சிவப்புப் பேனாவால் கையெழுத்துப் போட்டு வைத்தான். பக்கத்துக்குப் பக்கம். அப்பா மாதிரி கையெழுத்துப் போட அவனுக்கு ஆசை. அம்மா திட்டியது என்னை: ‘நீதான் மேலே எடுத்து வைத்திருக்க வேண்டும்’ என்று. அன்று இரவு முழுதும் அவனோடு பேசவில்லை, அம்மாவோடும் பேசவில்லை. வீட்டில் இப்படி ஒரு தம்பியோ மாமாவோ இருக்கிற பிள்ளை உங்கள் கதையை எடுத்துப் படிக்கும். கோமதி ஒரு பக்கம்கூடக் கோபப்படவில்லை என்றால், ‘நான் மட்டும்தான் கெட்ட பிள்ளை போல’ என்று அது நினைத்துக்கொள்ளும். எனக்கு அந்த வயதில் அப்படித்தான் தோன்றியது.

அந்தச் செருப்புப் பத்தியில் மாமா காலை இழுத்துக்கொள்கிறாரே, அங்கேதான் உங்கள் கதை இருக்கிறது அக்கா. அவருக்குத் தனக்கென்று ஒரு பிடிவாதம் இருக்கிறது. முடிவும் அதிலிருந்து வரட்டும்.

குறுக்குத்துறை எழுதியது:

வாசகி சொல்வதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி. மாத்திரை, காபி, திண்ணை என்று ஒரு நாளை எழுதினால் பெரியவர்களுக்கு அது கதை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு? இரண்டாம் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடும். செயல் வேண்டாம் என்றால் கதையை எது நகர்த்தும்? இதற்கு யாராவது பதில் சொல்ல வேண்டும்.

பாளை டாக்டர் எழுதியது:

குழந்தை மருத்துவத்தில் இருக்கிறேன். கதை எழுதத் தெரியாது. ஆனால் அண்ணாச்சியின் கேள்விக்கு மருத்துவம் ஒரு பதில் வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

மாமாவை வடம் பிடிக்க வீட்டில் ஏன் விடவில்லை? கதையில் காரணம் சொல்லியிருக்கிறீர்களா? உண்மையான காரணமே இருக்க முடியும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தசை இறுக்கம் குறைவு, மூட்டுகள் தளர்ந்தவை. அவர்களில் சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளைப் பிணைக்கும் தசைநார் தளர்ந்திருக்கும். பெரும்பாலும் அதனால் தொந்தரவு வராது. ஆனால் கழுத்து வலி, நடையில் புதிதாகத் தடுமாற்றம், கைகளில் பலவீனம் என்று அறிகுறி இருந்தால் உடனே பார்த்தாக வேண்டும், குட்டிக்கரணம் போன்றவற்றைத் தவிர்க்கச் சொல்வோம். சிறு வயதில் ஒரு டாக்டர் ‘கழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொன்னதை ஆச்சி இருபது வருடமாகப் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஆச்சி மறுப்பதும் அன்பால்தான், மாமா கேட்பதும் நியாயம்தான். இரண்டும் மோதினால் கதை தானாக நகராதா?

இரண்டாவது முடிவைப் பற்றி. பிறக்கும்போதே இதயக் குறையோடு பிறப்பவர்கள் இவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர். ஒரு காலத்தில் அதற்கு அறுவைச் சிகிச்சை செய்யாமலே விட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில்கூட இவர்களின் சராசரி ஆயுள் 25 வயதை ஒட்டித்தான் இருந்தது. இன்று 60ஐ ஒட்டி வந்திருக்கிறது. சிகிச்சை கிடைத்ததுதான் பெரிய காரணம். கதையில் இருபத்தாறு வயது வரை நன்றாக வாழ்ந்தவரைத் திடீரென்று சாகடித்தால், ‘இவர்கள் எல்லாம் சீக்கிரம் போய்விடுவார்கள்’ என்ற பழைய நம்பிக்கையைப் புதுப் பிள்ளைகளுக்கும் கொடுத்ததாகிவிடும். அந்த நம்பிக்கையால்தான் சில வீடுகளில் இன்றும் எக்கோ பரிசோதனைக்கே (இதயத்தை ஸ்கேன் செய்து பார்ப்பது) அழைத்து வருவதில்லை. எனக்கு இது கதை விஷயம் மட்டும் இல்லை.

காரணம் பற்றி ஏதாவது எழுதியிருந்தால் கவனமாக இருங்கள். நம் பக்கத்தில் உடனே சொல்வது, ‘சொந்தத்தில் கட்டியதால் வந்தது’. சொந்தத் திருமணத்தால் வேறு சில பரம்பரை நோய்களுக்கு வாய்ப்புக் கூடும். டவுன் சிண்ட்ரோம் அப்படி வருவது இல்லை. ஒவ்வொரு செல்லிலும் 46 குரோமோசோம் (மரபணுக்களைச் சுமக்கும் இழை) இருக்க வேண்டிய இடத்தில் 47 இருக்கிறது. 21வது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று. நூற்றில் 95 பேருக்கு இதுதான் வகை. தாயின் வயது கூடக் கூட வாய்ப்புக் கூடும்: 35 வயதில் சுமார் 350 பிரசவங்களுக்கு ஒன்று, 40 வயதில் சுமார் 100க்கு ஒன்று. ஆனாலும் இளம் தாய்மார்களுக்குத்தான் பிரசவம் அதிகம் என்பதால், இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் 35 வயதுக்கு உட்பட்ட தாய்மார்களுக்கே பிறக்கிறார்கள். கிரகணத்தில் வெளியே வந்தது, பப்பாளி தின்றது, யாரோ விட்ட சாபம் எதற்கும் இதில் பங்கில்லை. ஒரு தாயும் இதற்குப் பொறுப்பில்லை.

மணிமுத்தாறு எழுதியது:

டாக்டர் சொன்னது சரி. ஆனால் இறப்பைப் பற்றி யாருமே எழுதக்கூடாது என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

எங்கள் மகள் இதயக் குறையோடு பிறந்தாள். அறுவைச் சிகிச்சைக்கு எடை கூட வேண்டும் என்று காத்திருந்தோம். அதற்குள் போய்விட்டாள். மூத்தவனுக்கு அப்போது ஏழு வயது. வீட்டில் எல்லோரும் அவன் எதிரில் அவளைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு நாள் அவன், ‘பாப்பா பெயரைச் சொன்னால் ஏன் எல்லோரும் எழுந்து போகிறீர்கள்?’ என்று கேட்டான். அவனோடு சேர்ந்து படிக்க எனக்கு அன்று ஒரு கதை கிடைக்கவில்லை.

உங்கள் கதை அது இல்லை, தெரிகிறது. மாமா வாழட்டும். ஆனால் இங்கே எழுதுகிறவர்கள் யாராவது அந்த இன்னொரு கதையையும் எழுத வேண்டும். அண்ணனுக்குப் பாடம் கற்பிப்பதற்காகத் தங்கை சாகிற கதையாக அது இருக்கக்கூடாது. அவள் இருந்தாள் என்று சொல்கிற கதையாக இருந்தால் போதும்.

ரதவீதிக்காரி எழுதியது:

மணிமுத்தாறு அண்ணன், உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. அந்தக் கதை எழுதப்பட வேண்டும். நீங்களே எழுதினால் உடனிருந்து உதவ நான் தயாராக இருக்கிறேன். மூத்தவனும் இப்போது வளர்ந்திருப்பான், அவனும் எழுதலாம்.

இரண்டாவது முடிவை எடுத்துவிட்டேன். டாக்டர், ஆச்சியின் மறுப்புக்கு நான் காரணமே எழுதியிருக்கவில்லை. இந்தக் கழுத்து விஷயம் கதைக்குப் பெரிய உதவி. வாசகி, கோபத்துக்கு ஓர் அத்தியாயம் வருகிறது.

களக்காடு பயிற்றுநர் எழுதியது:

வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர். இந்தப் பக்கத்துப் பள்ளிகளுக்குப் போய் வருகிறேன்.

கோமதியின் மாமா எப்படிப் பேசுகிறார்? இது பெரிய விஷயம். வாய் சிறியது, நாக்கின் தசையும் தளர்வு, பலருக்குக் காதில் நீர் கோத்துக் கேட்கும் திறனும் குறைந்திருக்கும். அதனால் சொல் தெளிவாக வருவது சிரமம். ஆனால் பேசுவதை விட அதிகமாகப் புரிந்துகொள்கிறார்கள். காதால் கேட்டதை விடக் கண்ணால் பார்த்தது மனத்தில் நிற்கும். என் வகுப்பில் ஒரு பையன் வாய் திறந்து பஸ் என்று சொல்லத் திணறுவான். ஆனால் பஸ்ஸின் முன் பலகையைப் பார்த்து எந்த ஊருக்குப் போகிறது என்று சரியாகக் காட்டுவான்.

தயவுசெய்து மாமாவின் பேச்சை எழுத்துச் சிதைத்து மழலையாக எழுதாதீர்கள். சத்தமாக வாசிக்கும்போது வகுப்பு சிரிக்கும். அந்தச் சிரிப்பு அங்கேயே ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் மேல் போய் விழும். கோமதிக்கு மாமா சொல்வது புரியும் அல்லவா? அவள் காதில் விழுகிறபடி முழுச் சொல்லாக எழுதுங்கள். கடைக்கு வருகிறவர்கள் ‘என்ன சொல்கிறான்?’ என்று அவளைக் கேட்கட்டும். எப்போதும் மாமாவுக்காக மொழிபெயர்த்துச் சொல்கிற வேலை ஒரு பத்து வயதுப் பெண்ணுக்கு எவ்வளவு அலுப்பு என்பதும் அதில் வரட்டும்.

பிள்ளைகள் நேராகக் கேட்கிற கேள்விகளுக்குக் கதைக்குள்ளேயே பதில் இருப்பது நல்லது. என்னிடம் முதலில் கேட்பது, ‘இது ஒட்டுமா டீச்சர்?’ ஒட்டாது என்று ஒரே வரியில் சொல்லிவிட வேண்டும். ‘மாத்திரை போட்டால் சரியாகிவிடுமா?’ என்பது அடுத்தது. இது பிறவியிலேயே அமைந்தது, மாறாது. நான் வகுப்பில் கரும்பலகையில் ஒரு புள்ளிக்கோலம் போட்டு, ஒரு புள்ளி கூடினால் கோடு எப்படி வேறு வழியில் சுற்றிப் போகிறது என்று காட்டுவேன். அது கோலம்தான், பிழை இல்லை என்பது பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிடும். மார்ச் 21ஆம் தேதி உலக டவுன் சிண்ட்ரோம் நாள். 2012 முதல் ஐ.நா. அதைக் கடைப்பிடிக்கிறது. 21வது குரோமோசோம் மூன்று, ஆகவே மூன்றாம் மாதம் 21ஆம் தேதி. அதையொட்டிப் பள்ளிகளில் வாசிக்கத் தமிழில் ஒரு கதை கேட்டுத் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

குறுக்குத்துறை எழுதியது:

டாக்டருக்கு நன்றி. மாமாவின் ஆசையும் ஆச்சியின் பயமும் மோதுகிறது என்றால் என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, அது நகரும்.

இந்த இழையைப் படித்தபோது பிரான்சின் அதிபராக இருந்த டி கோல் நினைவுக்கு வந்தார். அவருடைய கடைசி மகள் ஆன் 1928இல் டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தாள். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட குழந்தைகளை விடுதிகளில் விட்டுவிடுவது வழக்கம். அவர்கள் விடவில்லை, வீட்டிலேயே வளர்த்தார்கள். யாரிடமும் இளகாதவர் என்று பெயரெடுத்த அந்தப் படைத்தலைவர், அவளோடு மட்டும் பாட்டுப் பாடி ஆடி விளையாடுவார். 1948இல், இருபது வயதில், அவள் இறந்துபோனாள். அவள் பெயரால் பெற்றோர் ஏற்படுத்திய அறக்கட்டளை இன்றும் இருக்கிறது. அந்தப் பெண் வீரச் செயல் எதுவும் செய்யவில்லை. அப்பாவுக்கு அது தேவைப்படவும் இல்லை. அதனால் வாசகியின் பக்கம் வந்துவிட்டேன்.

வள்ளியூர் அம்மா எழுதியது:

என் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம். பதினேழு வயது. நீங்கள் எல்லோரும் கதையைப் பற்றிப் பேசுகிறீர்களே, அவளிடமே கேட்டுவிடலாம் என்று நேற்று இரவு ரதவீதிக்காரி தங்கச்சி எழுதியதை எளிய சொற்களில் வாசித்துக் காட்டினேன்.

செருப்புப் பத்தி முடிந்ததும் தன் காலை நீட்டிக் காட்டினாள். அவளுக்கும் அதே இடைவெளி. நாங்கள் பின்வார் வைத்த செருப்புத்தான் வாங்குகிறோம். ‘மாமாவுக்குப் பெல்ட் செருப்பு வாங்கிக் கொடு’ என்றாள். கோமதி வெட்கப்படுகிற இடத்தில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். அவளுக்கு அந்தப் பகுதியில் அக்கறை இல்லை. குழந்தையைக் காப்பாற்றுகிற இடத்தில், ‘குழந்தையோட அம்மா எங்கே?’ என்று கேட்டாள். நியாயமான கேள்வி. கடைசியில் அவள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: ‘மாமா தேர் இழுத்தாரா?’ இல்லை, குழந்தையைக் காப்பாற்றினார் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ‘தேர் இழுக்கணும்’ என்றாள்.

நீங்கள் மாமாவுக்கு ஓர் ஆசையைக் கொடுத்துவிட்டு, அது நிறைவேறியதா என்று சொல்லாமலே கதையை முடிக்கப் பார்க்கிறீர்கள். என் மகளுக்கு அதுதான் பிடிக்கவில்லை.

அம்பை வாசகி எழுதியது:

இதை விடச் சரியாக யாரும் சொல்ல முடியாது. பாப்பாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள் மதினி. எந்த முடிவு எழுதினாலும் முதலில் அவளிடம் வாசித்துக் காட்ட வேண்டும். இவர்களைப் பற்றிய கதையை இவர்களிடம் காட்டாமலே அச்சடிப்பது எனக்கு ஒப்பவில்லை.

பேட்டைக்காரன் எழுதியது:

நான் கதை ஆள் இல்லை, தேரோட்டம் ஒன்றுகூட விட்டதில்லை. முதல் முடிவு நடக்கவே நடக்காது. வடம் பிடிக்கிற கூட்டம் தேருக்கு வெகு முன்னால் இருக்கும். சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டுக்கட்டை போடுகிறவர்களும் தடி போடுகிறவர்களும் போலீசும்தான். ஒரு குழந்தை அங்கே போய் விழுவதற்கு வழியில்லை.

மொத்தம் ஐந்து தேர். பிள்ளையார், முருகன், சுவாமி, அம்பாள், சண்டிகேசுவரர். சுவாமி தேர்தான் மலை போல இருக்கும், ஆள் பலத்தால் மட்டுமே நகர்வது. ‘மாமா சண்டிகேசுவரர் தேரை இழுக்கட்டும், அது சிறியது’ என்று ஆச்சி பேரம் பேசலாம். மாமா ஒத்துக்கொள்ளக் கூடாது. நான் மாமாவாக இருந்தால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

2024 தேரோட்டத்தில் சுவாமி தேரின் வடம் அறுந்து, மாற்றி, மறுபடியும் அறுந்து, ஊரே வீதியில் காத்து நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படி ஒரு வருடத்தில் கதையை வைத்தால், தேர் வடக்கு ரத வீதிக்கு வர இரவாகிவிடும். காலையில் இருந்த நெரிசல் இருக்காது. குடும்பங்கள் வீட்டுக்குப் போயிருக்கும். வடத்தின் நுனிப் பக்கம் இடம் கிடைக்கும். உங்கள் டாக்டர் பயமும் தீரும், மாமா ஆசையும் தீரும்.

தூரிகை எழுதியது:

மேலப்பாளையத்திலிருந்து. படம் வரைவதற்கு நான் முன்வருகிறேன், சம்மதம் என்றால்.

ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே சொல்கிறேன். டவுன் சிண்ட்ரோம் என்றவுடன் ஒரே முகத்தை அச்சுப் போல வரைகிறார்கள்: சாய்ந்த கண், சப்பை மூக்கு, எந்நேரமும் சிரிப்பு. அந்த அடையாளங்கள் உண்மைதான். ஆனால் அவர்கள் தங்கள் அம்மாவைப் போலவும் அக்காவைப் போலவும்தானே இருக்கிறார்கள்? கோமதியின் அம்மாவுக்கு என்ன முடி, ஆச்சிக்கு என்ன தாடை என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அதே தாடையை மாமாவுக்குக் கொடுக்கப் போகிறேன். பக்கத்தைத் திருப்புகிற பிள்ளைக்கு, இவர் இந்த வீட்டுக்காரர் என்று சொல்லாமலே தெரிய வேண்டும். எல்லாப் பக்கத்திலும் மாமா சிரிக்கவும் மாட்டார். பொட்டலம் மடிக்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டு உம்மென்று இருப்பார்.

ரதவீதிக்காரி எழுதியது:

தூரிகை, முழுச் சம்மதம். ஆச்சியின் தாடை என்பது எனக்கே தோன்றாதது.

எல்லோர் பதிவையும் வைத்துக்கொண்டு முடிவை மாற்றி எழுதிவிட்டேன். சுருக்கம்: தேரோட்டத்துக்கு முந்தின வாரம் மாமா பொட்டலம் மடிக்க மறுத்துவிடுகிறார். கடையில் வந்தவர்கள் காத்து நிற்கிறார்கள். மாமா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆச்சி கெஞ்சுகிறாள், திட்டுகிறாள், சின்னத் தேர் என்று பேரம் பேசுகிறாள். மாமா அசையவில்லை. கோமதிக்கு அவர் மேல் ஆத்திரம், ஏனென்றால் அந்த வாரம் முழுவதும் பொட்டலம் மடிக்கிற வேலை அவள் தலையில் விழுகிறது. வீட்டுப்பாடம் முடிக்காமல் வகுப்பில் நிற்கிறாள். கடைசியில் அம்மாதான், ‘ஒரு தடவை டாக்டரிடம் கேட்டுவிடுவோமே’ என்கிறாள். பாளைக்குப் போகிறார்கள். டாக்டர் மாமாவிடமே கேட்கிறார், நடக்கச் சொல்லிப் பார்க்கிறார், கழுத்தைப் பார்க்கிறார், எக்ஸ்ரே எடுக்கிறார். நெரிசலில் மட்டும் வேண்டாம் என்கிறார். ஆச்சிக்குச் சொல்ல வேறு காரணம் இல்லாமல் போகிறது. பிறகு தேர் நாள்.

கடைசிப் பகுதி:

“வடம் என் கை கொள்ளாத கனம். பிடித்தால் உள்ளங்கை அரித்தது. ‘விடு, நீ சின்னப் பிள்ளை’ என்றார் மாமா. எனக்குக் கோபம் வந்தது. ‘நீங்கள்தான் முதல் தடவை இழுக்கிறீர்கள், நான் பள்ளிக்கூடத்துத் தேர் எல்லாம் இழுத்திருக்கிறேன்’ என்றேன். மாமா கேட்கவில்லை. முன்னால் இருந்த அண்ணன்கள் ஒரே குரலில் சத்தம் போட்டார்கள். வடம் எழுந்தது. மாமாவும் எழுந்தார். தேர் நகரவில்லை. மறுபடியும் இழுத்தார்கள். நகரவில்லை. ‘இழுங்கள்!’ என்று மாமா எல்லோரையும் அதட்டினார். யாருக்கும் புரியவில்லை. இந்த முறை நான் சொல்லவில்லை. தேர் நகர்ந்தது. அப்போதுதான் எனக்கு மாமாவை எவ்வளவு பிடிக்கும் என்று எனக்கே தெரிந்தது.”

அம்பை வாசகி எழுதியது:

பொட்டலம் மடிக்க மறுக்கிற இடம் பிரமாதம். என் தம்பியை நேரில் பார்த்தது போல இருந்தது. உண்ணாவிரதம் இருந்து ஒரு டிவி ரிமோட்டை மீட்டவன் அவன்.

ஒரே ஒரு குறை. கடைசி வாக்கியம் வேண்டாம். அதை எடுத்துவிடுங்கள். ஒரு வாரம் முழுதும் சண்டை போட்டு, ராத்திரி வரை அவரோடு தெருவில் நின்று, அரிக்கிற வடத்தையும் பிடித்தவளுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று எந்தப் பிள்ளையும் கேட்காது.

குறுக்குத்துறை எழுதியது:

நான் வைத்துக்கொள்ளச் சொல்வேன். பத்து வயதுப் பெண் அப்படி வாய்விட்டுச் சொல்வது இயல்புதான். வாசகர்கள் எல்லோரும் வாசகியைப் போலக் கூர்மையானவர்கள் இல்லை. ஆனால் மாமா ‘இழுங்கள்’ என்று அதட்டுகிறாரே, அங்கே எனக்கு உடல் சிலிர்த்துவிட்டது.

பாளை டாக்டர் எழுதியது:

மருத்துவப் பகுதி சரியாக இருக்கிறது. டாக்டர் மாமாவிடம் நேராகக் கேட்பதை எக்காரணம் கொண்டும் எடுத்துவிடாதீர்கள். எங்கள் துறை இளைஞர்கள் படிக்க வேண்டிய வரி அது.

ஒன்று சேர்க்கலாம்: எக்ஸ்ரே அறைக்குள் மாமாவுக்குப் பயம் வரலாம். புது இடம், புது ஓசை. அவருக்கு முன்கூட்டியே படம் காட்டிச் சொன்னால் நன்றாக ஒத்துழைப்பார்.

வள்ளியூர் அம்மா எழுதியது:

இரவு வாசித்தேன். ‘தேர் நகர்ந்தது’ என்று வந்ததும் கைதட்டினாள். நான் மேலே வாசிப்பதற்குள் எழுந்து அவள் அப்பாவிடம் சொல்லப் போய்விட்டாள். ஆகவே கடைசி வாக்கியம் பற்றி அவளிடம் கருத்து இல்லை.

அவளுக்கு இன்னும் ஒரு கேள்வி: மாமாவுக்குப் பெல்ட் செருப்பு வாங்கிக் கொடுத்தார்களா?

ரதவீதிக்காரி எழுதியது:

வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லுங்கள் மதினி. தேர் நாளுக்கு முந்தின நாள் அம்மா வாங்கி வருகிறாள். ஆச்சி மாட்டிவிடப் போக, மாமா விடமாட்டார். ஒட்டுப்பட்டியை அவரே அழுத்திக்கொள்வார்.

கடைசி வாக்கியத்தை எடுத்துவிட்டேன். அண்ணாச்சி பொறுத்துக்கொள்ள வேண்டும்.

களக்காடு டீச்சர், பள்ளியில் வாசித்துப் பார்க்க முடியுமா? முழுக் கதையையும் உங்களுக்கும் வள்ளியூருக்கும் முதலில் அனுப்புகிறேன்.

களக்காடு பயிற்றுநர் எழுதியது:

முடியும். தலைமையாசிரியர் அனுமதி வாங்கி நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் வாசிக்கிறேன். எழுத்தைப் பெரிதாக வைத்து, வரிகளுக்கு நடுவே நன்றாக இடம் விட்டு அச்செடுங்கள்; என் பிள்ளைகளில் இரண்டு பேர் தாங்களே எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள். தூரிகையின் படங்களில் குறைந்தது இரண்டு கூடவே வரட்டும், கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் போதும். எக்ஸ்ரே அறைப் படம் அதில் ஒன்றாக இருந்தால் நல்லது.